பூஜ்யம் எங்கே என்று காருக்குச் சொல்லிக் கொடுப்பது: ஏற்காடு மலைப்பாதையில் சோதித்த கேலிப்ரேஷன் வேலைகள்

"அண்ணே, சேலத்துக்குள்ள ஓட்டுற வரைக்கும் ஒண்ணும் இல்லைங்க, மலை ஏறினாத்தான் லைட்டு வருது" என்று ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர் ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு நாள் முன்னால் அதே காருக்கு ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரையும், வளைவில் கார் வழுக்காமல் பிடிக்கும் இஎஸ்பியின் சென்சாரையும் கேலிப்ரேட் பண்ணி அனுப்பியவனே நான்தான். சரி என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடிவாரத்திலிருந்து மேலே போனேன். இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசிகளில் எதுவும் இல்லை. வலப்பக்கம் திரும்பும்போது மட்டும், அதுவும் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால், மஞ்சள் விளக்கு எரிகிறது. வயரிங்கைச் சந்தேகப்பட்டேன், ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டேன், ஒரு நாள் முழுக்க வீணாகப் போனது. கடைசியில் பார்த்தால் தப்பு என் பட்டறைத் தரையில். கழுவினால் தண்ணீர் வடியட்டும் என்று தரையை ஒரு பக்கம் சரித்துப் போட்டிருந்தோம். அந்தச் சரிவில் காரை நிறுத்தி "இதுதான் மட்டம்" என்று சென்சாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் என்னை நம்பிவிட்டது.

கேலிப்ரேஷன் என்று பெரிய பெயர் வைத்தாலும் பட்டறையில் நாம் செய்வது பெரும்பாலும் இதுதான்: எது பூஜ்யம், எது முழு அளவு என்று கார் கம்ப்யூட்டருக்குக் காட்டுவது. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், எத்தனை ஆர்பிஎம்மில் எப்போது ஸ்பார்க் என்கிற அட்டவணைகளைத் தயாரிக்கும் கம்பெனி இன்ஜினியர்கள் குளிரிலும் வெயிலிலும் மலையிலும் ஓட்டி ஏற்கெனவே எழுதிவிட்டார்கள், அது நம் வேலை இல்லை. நம் பங்கு அதற்குப் பிறகு வருவது. ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டினால், பேட்டரி மாற்றினால், கண்ணாடி மாற்றினால், பழைய பூஜ்யம் நகர்ந்து போகும், அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த அட்டவணைகளையே மாற்றி எழுதி (ரீமேப்) பிக்கப் ஏற்றுவது, டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்-ஐ எடுத்துவிட்டு கம்ப்யூட்டரை ஏமாற்றுவது பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது புகை விதிக்கு விரோதம், அதோடு அப்படிச் செய்த வண்டிகளைச் சரி பண்ணித்தான் என் பாதி ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன.

ஸ்கேனரைச் செருகும் முன்

பேட்டரியைப் பாருங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் சும்மா நின்ற காரில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ், 12.4 வரை பரவாயில்லை, 12.2-க்குக் கீழே என்றால் அன்றைக்கு எதையும் கேலிப்ரேட் பண்ணாதீர்கள். சாவி ஆனில், இன்ஜின் ஓடாமல், அரை மணி நேரம் கார் நிற்கும்போது வோல்டேஜ் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். பாதி வேலையில் அது விழுந்தால் பூஜ்யம் கற்றுக்கொடுக்கும் சாதாரண லேர்னிங் என்றால் திரும்பச் செய்துகொள்ளலாம், ஆனால் இசியு-வில் (கார் கம்ப்யூட்டர்) சாஃப்ட்வேர் ஏற்றும்போது விழுந்தால் இசியு செத்துப்போக வாய்ப்பு உண்டு. அதனால் சாஃப்ட்வேர் ஏற்றும் வேலைக்கு ஸ்திரமான டிசி கொடுக்கும் சப்ளை ஒன்றை பேட்டரியோடு சேர்த்து மாட்டிக்கொள்ள வேண்டும். மூலையில் கிடக்கிற பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் அதற்கு ஆகாது, அதிலிருந்து வரும் கரண்ட் அலையடிக்கும். அப்புறம் ஒன்று, அன்றைக்கு உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சிரிக்காதீர்கள், அனுபவம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் செருகும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 16-ஆம் பின் பேட்டரி பாசிட்டிவ், 4-உம் 5-உம் எர்த். ஸ்கேனர் உயிர் பெறவில்லை என்றால் முதலில் அங்கே 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் ஒரு பியூஸ்தான் போயிருக்கும். 6-உம் 14-உம் காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைன். பேட்டரியைக் கழற்றிவிட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓம் பார்த்தால் 60 அளவில் வர வேண்டும், ஏனென்றால் லைனின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த கேலிப்ரேஷனும் பாதியில் நிற்கும், நீங்கள் ஸ்கேனரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆயிரம் ரூபாய்க்குக் குறைவாகக் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டர் போதுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பார்ப்பதற்குப் போதும். இன்ஜின் ரீடிங்குகள், ஃபால்ட் கோட், ஃபியூல் டிரிம் எல்லாம் போனில் தெரியும், கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லதுதான். ஏபிஎஸ், இஎஸ்பி, கியர் பாக்ஸ் இவற்றுக்குள் போய் எழுதுவதற்கு அந்தந்தக் கம்பெனிக்கு ஏற்ற ஸ்கேனர் தேவை, அது பட்டறை வேலை. கீழே எழுதுவதில் பாதியை நீங்களே செய்யலாம், மீதியை மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று சரியான கேள்வி கேட்கலாம்.

ஃபால்ட் கோடுகளை அழிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், அதோடு கோட் விழுந்த நேரத்து ரீடிங்குகளைச் சேமித்திருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேமையும். அழித்த பிறகு அந்தத் தகவல் திரும்ப வராது, கூடவே கார் தன்னைத்தானே சோதித்து முடித்த கணக்குகளும் அழிந்து புதிதாக ஆரம்பிக்கும். அழித்துப் பார்த்துவிட்டு "இப்ப லைட் இல்லைங்க, எடுத்துட்டுப் போங்க" என்று சாவியைக் கொடுக்கிற பழக்கத்தை ரிப்பேர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மெக்கானிக்கல் கோளாறு இருக்கும்போது கேலிப்ரேட் பண்ணினால் அந்தக் கோளாறையே சரியென்று காருக்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வேக்குவம் ஹோஸ், டயர் காற்று, வீல் அலைன்மென்ட், எர்த் வயர் இவையெல்லாம் முதலில். எர்த்துக்கு ஒரு சுலபமான சோதனை: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பாருங்கள், 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். சென்சார்கள் பல 5 வோல்டில் ஓடுகின்றன, எர்த்தில் அரை வோல்ட் தின்றால் எல்லா ரீடிங்கும் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லும்.

சேலத்துக்காரர்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும் லேப்

காற்றழுத்த சென்சார் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மற்ற ஊர்க்காரர்கள் வேக்குவம் பம்ப் வாங்க வேண்டும். நமக்கு மலை இருக்கிறது. சாவியை ஆன் பண்ணி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், ஸ்கேனரிலோ போனிலோ மேனிஃபோல்ட் பிரஷரை (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தம்) பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்றுதான், ஆகவே அது அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல். சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே 98 அளவில் வரும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர், அங்கே 84, 85 வர வேண்டும். வானிலையால் ஒன்று கூடும் குறையும், அவ்வளவுதான். கீழே 98 காட்டி மேலே 91 காட்டுகிற சென்சார் ஒரு முனையில் மட்டும் உண்மை பேசுகிறது. கீழேயே 93 என்றால் பூஜ்யமே நகர்ந்துவிட்டது. டீசல் டர்போ வண்டியில் பாரோமெட்ரிக் சென்சார், பூஸ்ட் சென்சார் என்று தனித்தனியாக இருந்தால் இன்ஜின் ஓடாதபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், அது மலை ஏறாமலே பார்த்துவிடலாம்.

இந்த 13 கிலோபாஸ்கல் வித்தியாசம்தான், டர்போ இல்லாத பெட்ரோல் கார் மேலே போகப் போக மூச்சு வாங்குவதற்கும் காரணம். பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இழுவை போகும், அது கோளாறு கிடையாது. கார்பரேட்டர் காலத்தில் மேலே போனால் பெட்ரோல் அதிகமாகிப் புகையும், திருகாணியைத் திருகி ஓட்டுவோம், திரும்பக் கீழே வந்து அவிழ்ப்போம். இப்போது கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் சில கார்களில் சாவி ஆன் பண்ணுகிற நேரத்தில்தான் காற்றழுத்தத்தைப் புதிதாகப் படிக்கும், அல்லது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது. மேலே போய்ச் சேர்ந்ததும் ஐடில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும் வேகம்) ஒரு மாதிரி இருந்தால் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

திராட்டில் பாடி

இதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றைத் தகட்டால் கூட்டிக் குறைக்கும் திராட்டில் பாடியில் கரி படியப் படிய அதே காற்று வருவதற்கு இசியு தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து வைக்கப் பழகியிருக்கும். நீங்கள் கரியைத் துடைத்ததும் பழைய திறப்புக்கே இப்போது அதிகக் காற்று போகும், ஐடில் 1,200, 1,500 என்று நிற்கும், சில சமயம் ஐடில் அதிகம் என்கிற பி0507 கோடும் வரும். உடனே "கிளீன் பண்ணிக் கெடுத்துட்டான்" என்று சண்டை. கெடுக்கவில்லை, பூஜ்யத்தைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டான், அவ்வளவுதான்.

எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே மோட்டாரும் பிளாஸ்டிக் கியரும் இருக்கின்றன. ஸ்கேனரில் திராட்டில் அடாப்டேஷன் என்றோ ஐடில் லேர்ன் என்றோ இருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும், அந்தக் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் வரிசையில். ஸ்கேனர் இல்லாமல் தானாகக் கற்றுக்கொள்ளும் கார்களும் நிறைய உண்டு. அவற்றுக்கு நான் பொதுவாகச் செய்வது: இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் நன்றாகச் சூடாகட்டும், ஏசி, ஹெட்லைட், மியூசிக் எல்லாம் ஆஃப். இன்ஜினை நிறுத்தி அரை நிமிடம் விட்டு, ஆக்ஸிலரேட்டரில் கால் படாமல் சாவியை மட்டும் ஆன் பண்ணி அரை நிமிடம் காத்திருங்கள், அந்த நேரத்தில் தகடு தன் மூடின நிலையைத் தேடிக்கொள்ளும், காதை வைத்தால் மெல்லிய முனகல் கேட்கும். பிறகு ஸ்டார்ட் பண்ணி ஒரு பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வருகிற நேரம். அதற்குப் பிறகு ஏசியைப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். நடுவில் யாரும் ஆக்ஸிலரேட்டரை "வ்ரூம்" பண்ணிப் பார்க்கக்கூடாது, பட்டறைப் பையன்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆக்ஸிலரேட்டர் பெடலில் ஒரு சென்சார் இல்லை, இரண்டு இருக்கும், ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கட்டும் என்று. பல கார்களில் ஒன்றின் வோல்டேஜ் மற்றதைப் போல இரு மடங்கு. சாவி ஆன், இன்ஜின் ஆஃப், ஸ்கேனரில் இரண்டையும் கிராஃபாக வைத்துக்கொண்டு பெடலை மிக மெதுவாக அடி வரை அழுத்தி மெதுவாக விடுங்கள். கோடு எங்கேயும் உடையாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குதித்தால் பெடல் மாற்ற வேண்டியதுதான், அதை லேர்னிங்கால் சரி பண்ண முடியாது. பெடலுக்கு அடியில் மிதியடி மடங்கிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். முழு அளவு 100 வராமல் 82-இல் நின்றதற்குப் பின்னால் சர்வீஸ் சென்டர் பரிசாகக் கொடுத்த மிதியடிதான் இருந்த கதை எனக்குத் தெரியும்.

ஃபியூல் டிரிம்மை வாசிப்பது

பெட்ரோல் காரின் மனநிலையைச் சொல்லும் எண்கள் இவை. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இசியு பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது, உடனுக்குடன் செய்வது ஷார்ட் டெர்ம், பழக்கமாகி நினைவில் வைத்துக்கொண்டது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் குறி என்றால் பெட்ரோல் பற்றாமல் கூடுதலாகக் கொடுக்கிறது, கழித்தல் என்றால் அதிகமாகிக் குறைக்கிறது. இரண்டு பக்கமும் 5 சதவீதத்துக்குள் என்றால் அருமை, 10 வரை ஓட்டலாம், அதற்கு மேல் போனால் தேட ஆரம்பிக்க வேண்டும்.

தேடுவதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஐடிலில் +15, ஆனால் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +3 என்று இறங்கினால் எங்கேயோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது: வேக்குவம் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட். ஐடிலில் உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு, ஆர்பிஎம் கூடும்போது அந்தப் பங்கு கரைந்துவிடும். தலைகீழாக, ஐடிலில் நன்றாக இருந்து ஏற்றத்தில் +18 போனால் பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது காற்று அளக்கும் மாஃப் சென்சாரில் அழுக்கு. இந்த இரண்டாவது வகை சேலம் தெருக்களில் பிடிபடவே பிடிபடாது, கோரிமேட்டைத் தாண்டி மலையில் ஏறினால் இரண்டாவது கொண்டை ஊசிக்குள் தெரிந்துவிடும்.

இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிச் சொல்லியாக வேண்டும், வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். 10 சதவீதம் எத்தனால் கலந்தால் 14.1, 20 சதவீதம் என்றால் 13.5 அளவு. அதாவது அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிக எரிபொருள். இ10-க்கு எழுதப்பட்ட காரில் இ20 ஊற்றினால் லாங் டெர்ம் டிரிம் 4, 5 சதவீதம் மேலே நகர்வது இயல்பு, அதைப் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றச் சொல்பவரிடம் உஷாராக இருங்கள். ஏற்கெனவே ஒரு ஓட்டையால் +8-இல் ஓடிக்கொண்டிருந்த கார் என்றால் இதோடு சேர்ந்து எல்லை தாண்டி, பெட்ரோல் பற்றவில்லை என்கிற பி0171 கோடோடு லைட் போடும். அப்போது பழி மொத்தமும் பெட்ரோல் மேல் விழும், ஓட்டை அப்படியே இருக்கும்.

ஓட்டையை அடைத்தபிறகு, ஃபில்டர் மாற்றியபிறகு, பழைய லாங் டெர்ம் நினைவை ரீசெட் பண்ணிவிடுங்கள். இல்லையென்றால் கொஞ்ச நாளைக்குப் பழைய பழக்கத்திலேயே பெட்ரோலைக் கொட்டும்.

ஸ்டியரிங்கும் மட்டமும்

என் தப்பிலிருந்து கற்ற பாடம், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். வரிசை முக்கியம்: டயர் காற்று நான்கிலும் கம்பெனி சொன்ன அளவு, பிறகு வீல் அலைன்மென்ட், பிறகுதான் ஸ்டியரிங் ஆங்கிள் பூஜ்யம், கடைசியில் இஎஸ்பியின் யா ரேட் (கார் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளப்பது), ஜி சென்சார் (சாய்வையும் பக்கவாட்டுத் தள்ளலையும் அளப்பது). அலைன்மென்ட் பண்ணும் கடையில் டை ராடைத் திருகியிருந்தால் ஸ்டியரிங் நேராக இருந்தாலும் சென்சாரின் நேர் வேறு இடத்தில் இருக்கும். அங்கே ஸ்கேனர் இல்லை என்றால் நேரே மெக்கானிக்கிடம் போய்ச் செய்துகொள்ளுங்கள்.

ஸ்டியரிங் எது நேர் என்று ரோட்டில் பார்க்கும்போது ஒரு சூட்சுமம். மழைத்தண்ணீர் வடிய ரோட்டை நடுவில் உயர்த்தி ஓரம் தாழ்த்திப் போட்டிருப்பார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், கார் தானாக இடப்பக்கம் சரியப் பார்க்கும், நம் கை அறியாமலே வலப்பக்கம் ஒரு பொட்டு பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையை நேர் என்று நினைத்துப் பூஜ்யம் போட்டால் போச்சு. அகலமான, தட்டையான இடத்தில் போகவும் வரவும் இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். ஸ்கேனரில் பூஜ்யம் போட்டபிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஸ்டியரிங்கைத் திருப்பி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே டிகிரி வருகிறதா, நடுவுக்கு வந்தால் 0 காட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

ஜி சென்சாருக்கு மட்டமான தரை. வீடு கட்டும்போது கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபில் மட்டம் பார்ப்பாரே, அதையேதான் நான் இப்போது பண்ணுகிறேன். நான்கு சக்கரமும் நிற்கும் இடத்தைப் பார்த்து, தாழ்ந்த இடத்துக்கு பிளைவுட் துண்டு வைத்து, பெயிண்டால் குறி போட்டுவிட்டேன். அந்த நான்கு சதுரத்தில் மட்டும்தான் கேலிப்ரேஷன். காருக்குள் யாரும் உட்காரக்கூடாது, டிக்கியில் தேங்காய் மூட்டை இருக்கக்கூடாது, கதவுகள் மூடியிருக்க வேண்டும், பக்கத்தில் சுத்தியல் அடிக்கிறவர் இரண்டு நிமிடம் நிறுத்த வேண்டும். முன்பின்னாகச் சரிந்த இடத்தில் செய்தால் சமதளத்திலும் ஹில் ஹோல்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஏற்றத்தில் பிடிக்க வேண்டிய நேரத்தில் தயங்கும். ஏற்காட்டில் வீடு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் வீட்டு வாசலில் செய்யச் சொல்லாதீர்கள், அங்கே மட்டமான பத்தடி நிலம் கிடைப்பது கஷ்டம்.

கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏஎம்டி கார்களில் கிளட்ச் மாற்றினால் கிளட்ச் எங்கே கடிக்க ஆரம்பிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் புதிதாகக் கற்க வேண்டும், ஸ்கேனர் இல்லாமல் அது முழுமையாக நடக்காது. கற்காத ஏஎம்டி கொண்டை ஊசியில் முதல் கியருக்கு இறங்கும்போது ஒரு நொடி பின்னால் உருளும், உள்ளே இருக்கும் பெரியவர்கள் முருகா என்பார்கள். செய்யும்போது ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்து, சக்கரத்துக்கு கட்டை போட்டு, காருக்கு முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீசல்காரர்களுக்கு

இன்ஜெக்டர் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோட் பொறித்திருக்கும். தயாரிப்பில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் மயிரிழை வித்தியாசப்படும், அந்த வித்தியாசத்தின் விவரம்தான் அந்த கோட். புது இன்ஜெக்டர் போட்டால் அதை இசியு-வில் ஏற்ற வேண்டும், சிலிண்டர் மாற்றிப் போட்டாலும் கோடையும் மாற்றியாக வேண்டும். மாட்டிவிட்டால் பைப்புக்கு அடியில் மறைந்துபோகும், அதனால் மாட்டும் முன்னால் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோட் ஏற்றாமல் விட்டால் வண்டி ஓடும், ஆனால் கடகடவென்று சத்தமும் ஐடிலில் உதறலும் இருக்கும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபிறகு டீசல் கார்களில் டிபிஎஃப் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சாருக்கும் ஒரு பூஜ்யம் உண்டு: இன்ஜின் ஓடாதபோது வித்தியாசம் 0 காட்ட வேண்டும். நின்ற காரிலேயே 15, 20 ஹெக்டோபாஸ்கல் காட்டினால், நிரம்பாத ஃபில்டரை நிரம்பியதாக நினைத்து அடிக்கடி எரிக்கப் பார்க்கும், டீசலும் போகும் ஆயிலும் கெடும். ஸ்கேனரால் கட்டாய ரீஜெனரேஷன் (ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பது) பண்ணும்போது ஃபில்டருக்குள் 600 டிகிரி அளவுக்குப் போகும். காய்ந்த சருகு கிடக்கும் தோட்டத்து நிழலில் நிறுத்தி இதைச் செய்யவே செய்யாதீர்கள், சிமென்ட் தரை, திறந்த வெளி, பக்கத்தில் தீயணைப்பான். ஃபில்டரை மாற்றாமல் "புது ஃபில்டர்" என்று கணக்கை மட்டும் ரீசெட் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். கணக்குதான் மாறும், சாம்பல் உள்ளேயே இருக்கும்.

முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார்களில் கண்ணாடி மாற்றினால் அந்தக் கேமராவையும் கேலிப்ரேட் பண்ண வேண்டும். குறிப்பிட்ட தூரத்தில், மில்லிமீட்டர் கணக்கில் பலகை வைத்துச் செய்வது ஒரு வகை, கோடு தெளிவாக உள்ள நெடுஞ்சாலையில் சொன்ன வேகத்தில் ஓட்டிச் செய்வது இன்னொரு வகை. இதை வீட்டில் முயல வேண்டாம். கண்ணாடிக்கு கொட்டேஷன் வாங்கும்போதே இந்த வேலையும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

மலையில் சோதித்துப் பார்ப்பது

எல்லாம் முடிந்தபின் நான் காரை அடிவாரத்துக்கு ஓட்டிப்போகிறேன். ஓட்டுவது ஒருவர், ஸ்கேனரைப் பார்ப்பது இன்னொருவர், இதில் சமரசம் இல்லை. 20 கொண்டை ஊசி, ஒரு பக்கம் பள்ளம், வளைவில் சுவர் மேல் குரங்கு, இதற்கு நடுவில் போனைப் பார்த்து ஓட்ட முடியாது. முழு ஏற்றத்தில் கால் நன்றாக அழுந்தியிருக்கும்போது சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் 0.8, 0.9 வோல்டுக்குப் போக வேண்டும், அதாவது பெட்ரோல் தாராளமாக வருகிறது. அங்கே அது 0.2-இல் கிடந்தால் பம்ப்பைப் பாருங்கள். ஒரே மாதிரி வலது வளைவிலும் இடது வளைவிலும் ஒரே வேகத்தில் திரும்பினால் ஜி சென்சாரின் பக்கவாட்டு எண் எதிரெதிர்க் குறியில் ஏறக்குறைய சமமாக வர வேண்டும், அன்றைக்கு நான் இதைப் பார்த்திருந்தால் தோட்டக்காரருக்கு ஒரு நடை மிச்சமாகியிருக்கும். மேலே ஏரிக்கரையில் நிறுத்தி, சாவி ஆனில் 84, 85 வருகிறதா என்று குறித்துக்கொள்கிறேன்.

இறக்கம்தான் எனக்குப் பிடித்த சோதனை. இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டு இறங்கும்போது இசியு இன்ஜெக்டரை மூடிவிடும், ஸ்கேனரில் இன்ஜெக்டர் நேரம் 0 ஆகும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். உள்ளே வெறும் காற்று, ஆகவே ஆக்ஸிஜன் சென்சார் 0.1 வோல்டுக்குக் கீழே விழ வேண்டும். விழாமல் 0.4-இல் தொங்கினால் ஒன்று சென்சார் சோர்ந்திருக்கிறது, இல்லை இன்ஜெக்டர் ஒழுகுகிறது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இந்த 0-வை ஒரு தடவை பார்க்க வேண்டும். நியூட்ரலில் ஐடிலுக்காவது பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், இன்ஜின் பிரேக்கும் போய்விடும், பாதி வழியில் பிரேக் ஷூ நாற்றம் வேறு.

அடிவாரத்துக்கு வந்ததும் டீக்கடை ஓரம் நிறுத்தி, ஆஃப் பண்ணாமல், ஏசியைப் போட்டு எடுத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கோடி வரை திருப்பி, ஐடில் எவ்வளவு நேரத்தில் பழைய இடத்துக்கு வருகிறது என்று பார்க்கிறேன். ஒரு தடவை லேசாகத் தாழ்ந்து உடனே நின்றுகொண்டால் சரி, மேலும் கீழுமாக ஊஞ்சலாடினால் திரும்பவும் திராட்டில் லேர்னிங். பிறகு ஃபால்ட் கோடுகளை இன்னொரு தடவை படித்து, புதிதாக எதுவும் சேரவில்லை என்றால், கீழே எடுத்த எண், மேலே எடுத்த எண் இரண்டையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த வருடம் அந்தக் கார் வேறு யாரிடம் போனாலும் அந்த மெக்கானிக்குக் கணக்கு அங்கிருந்து தொடங்கும்.